உன் மகள் கையை நீட்டினாள், மச்சாள்

அன்பு மச்சாளுக்கு,

அன்பு என்றது வாய்ப் பழக்கத்தில் வந்தது. துசா அதை எழுதிவிட்டாள், கிடக்கட்டும். எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகள் கொப்பியில் எழுதுகிறாள். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றி மாற்றி எழுதுகிறாள். "நீங்க கதைக்கிறமாதிரியே எழுதினா வாசிக்கிற ஆக்கள் சிரிப்பாங்கம்மா" என்கிறாள். சிரிக்கட்டும் என்றேன், கேட்கவில்லை. நீ சொல்லித் தந்தபடி வளர்த்த பிள்ளைதானே, தான் நினைத்ததைத்தான் செய்வாள்.

உன் பெயரை இதில் சொல்ல மாட்டேன். உன் மகளின் பெயரையும் சொல்ல மாட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வருகிற கிழமை உனக்கு ஆட்டைத் திவசம், நீ செத்து ஒரு வருசம். நீ படிப்பித்த நேசரிப் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து உனக்கு ஒரு நினைவுப் புத்தகம் அடிக்கிறார்கள். அட்டையில் உன் படம். நீ பிள்ளைகளுக்கு நடுவில் பாயில் இருந்து சிரிக்கிற படம். பெற்றோர் சங்கத் தலைவர் என் படலைக்கு வந்தார். "அக்கா, ரீச்சரோட நீங்கதான் நெருக்கம். அவவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார். "ரெண்டு வார்த்தைக்குள்ள அடங்காது தம்பி" என்றேன். அழுகைதான் பெருகி வருகிறது என்று நினைத்து, பாவம், தலையைக் குனிந்துகொண்டு போனார். எனக்கு வந்தது அழுகை இல்லை, மச்சாள். கோபம். அதற்கும் ஒரு வருசமாகப் போகிறது, அது இன்னும் ஆறவில்லை.

நீ பயிற்சி முடித்துப் பட்டணத்திலிருந்து எங்கள் படுவான்கரைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். நான் எதையும் தொடக்கத்திலிருந்துதான் சொல்லுவேன் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு நானும் இறால் விற்றுவிட்டு உன்னோடு பாதையில் வந்தேன். வெளியூர் ஆட்கள் வாசித்தால் விளங்க வேண்டும்: எங்கள் ஆற்றைக் கடக்கிற இரும்பு மிதவைக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் பாதை. ஆறு என்பதும் எங்கள் பேச்சுத்தான், புத்தகத்தில் வாவி என்பார்கள். அதில் மனிதரும் ஏறலாம், மோட்டார் சைக்கிளும் ஏறலாம், மாடும் ஏறலாம். அன்றைக்கு ஒரு எருது ஏறியிருந்தது. கரைக்கு வந்ததும் அது இறங்குகிற வாசலில் படுத்துக்கொண்டது.

மாட்டுக்காரர் வாலை முறுக்கினார், தட்டினார், கம்பை ஓங்கினார். நீ போய்க் குறுக்கே நின்றாய். "அடிக்காதீங்கண்ண. அதுக்கும் ஒரு விருப்பம் இருக்கு. தானா எழும்பும்" என்றாய். "விருப்பமா? அப்ப நீங்களே கேட்டுச் சொல்லுங்க ரீச்சர், எப்ப எழும்பப் போகுதாம்?" என்று அந்த மனிதர் கேட்க, பாதையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. அரை மணித்தியாலம் வெயிலில் நின்றோம். மறுகா அது தானாகத்தான் எழும்பியது. அந்தக் கதையை நான் எத்தனை வீட்டு வாசலில் சொல்லியிருப்பேன்! மாட்டுக்கே இவ்வளவு பொறுமை என்றால் பிள்ளைக்கு எவ்வளவு இருக்கும் என்று சொல்லித்தானே ஊரில் பாதிப் பிள்ளைகளை உன் நேசரிக்குச் சேர்த்துவிட்டேன்.

பாயில் எங்களை வட்டமாக இருத்தி வைத்து நீ சொன்னது எல்லாம் இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது. "புள்ளைக்கு எட்டுற உயரத்தில சாமானை வையுங்க. தானாச் செய்ய விடுங்க. கொட்டினா துணியைக் குடுங்க, ஏச்சைக் குடுக்காதீங்க. எதையும் புள்ளையிட்ட ஒருக்காக் கேட்டுட்டுச் செய்யுங்க."

பள்ளிக்கூடம் போகிற வயதில் நாங்கள் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தோம். அகதியாகப் பள்ளிக்கூடத்தில் படுத்து எழும்பியிருக்கிறேன், படித்ததில்லை. ஆகவே நீ சொன்னதுதான் நான் படித்த ஒரே படிப்பு. அப்படியே வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். கோப்பை, தட்டு, விளக்குமாறு எல்லாம் கீழே வந்தன. நாலு வயதில் துசா தானே குடத்திலிருந்து தண்ணீர் வார்த்தாள். சின்னக் கத்தி ஒன்று கொடுத்தேன், என் பக்கத்தில் இருந்து வெங்காயம் வெட்டினாள். அவளின் அப்பாதான் புறுபுறுத்தார். "உப்புப் போத்தல் முழங்காலுக்குக் கீழ கிடக்கு. இனி நானும் தவண்டு வந்துதான் சாப்பிடணும் போல." அப்படிச் சொல்லிவிட்டு ஒரு நாள் உண்மையாகவே தவண்டு வந்து காட்டினார். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். அவ்வளவு நல்லாக இருந்தது, மச்சாள். அந்தச் சிரிப்பெல்லாம் நீ தந்தது. அதைத்தான் என்னால் இப்போது பொறுக்க முடியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நண்டுக் கதையை ஞாபகப்படுத்து.

துசாவுக்கு அப்போது ஐந்து வயது. அவளின் அப்பா பிடித்து வந்த நண்டு முழுவதையும் ஈரச் சாக்கில் போட்டு ஆற்றங்கரையில் வைத்திருந்தேன். இவள் சாக்கை அவிழ்த்து அவ்வளவையும் ஆற்றில் விட்டுவிட்டாள். கேட்டால், "அதுகளுக்கு வீட்டுக்குப் போக விருப்பமாம்" என்றாள். அன்றைக்கு அகப்பைக் காம்பால் முழங்காலுக்குக் கீழே ஒன்று போட்டேன். ஒன்றுதான். அன்றே உன்னை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன், ஒளிக்கவில்லை. நீ என்ன செய்தாய்? நான் ஊற்றித் தந்த தேத்தண்ணியைத் தள்ளி வைத்தாய். "அடிக்கிற வீட்டில நான் தண்ணியும் குடிக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாய். மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை.

மூன்று கிழமை, மச்சாள். மூன்று வளவு தள்ளி உன் வீடு. நீ என் படலையைக் கடந்து போகும்போது நான் கொலைகாரியைப்போல உள்ளே போய் நின்றேன். அந்த அகப்பையை முறித்து அடுப்பில் வைத்தேன். பிறகு நீயாக வந்து கதைத்தபோது கோயிலில் மன்னிப்புக் கிடைத்தமாதிரி இருந்தது எனக்கு.

உன் மகளை ஊரே புகழ்ந்தது. சத்தம் போடமாட்டாள், ஓடமாட்டாள், எதையும் கேட்காமல் தொடமாட்டாள். கொப்பியில் அச்சடித்தமாதிரி எழுத்து. "ரீச்சர்ட மகளப் பாருகா, அடியும் இல்ல ஏச்சும் இல்ல, எப்படி வளந்திருக்கு" என்பார்கள். நானும் துசாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேன். நீ அந்தப் புகழ்ச்சியை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டுவாய். ஒரு நாளாவது உனக்கு வெட்கம் வந்ததா? நான் ஒரு அடிக்கு மூன்று கிழமை வெட்கப்பட்டேன்.

வயிற்றில் கட்டி என்றார்கள். நாலு மாதத்தில் போய்விட்டாய். பிள்ளையின் அப்பா கட்டாரிலிருந்து வந்து, எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்ததும் திரும்பிப் போனார். முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு உன் வீட்டில்தான் எல்லோரும் கூடினோம். சாப்பாடு முடிந்து பாயில் இருக்கும்போது கிரானிலிருந்து வந்த உன் அண்ணன் சொன்னார்: "புள்ளைய நான் கூட்டிப் போறன். வயலும் வீடும் கிடக்கு, என்ட பிள்ளையளோட ஒண்டா வளரட்டும்."

நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்கு உன் பாடம் முன்னுக்கு வந்து நின்றது. எழும்பிவிட்டேன். "இல்ல மச்சான். புள்ளையிட்டக் கேக்காம ஒருத்தரும் முடிவெடுக்க ஏலா. செத்தவ இதைத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தவ." எல்லோரும் ஓம் என்றார்கள். என்னைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. உன் மாணவி நான், உன் முப்பத்தொன்றில், உன் பாடத்தைச் சொல்கிறேன்!

உன் மகளைக் கூப்பிட்டோம். வெள்ளைச் சட்டை. எட்டு வயது. நடுவில் வந்து நின்றாள்.

"சொல்லு மனே. மாமாவோட கிரானுக்குப் போறியா? மாமி என்னோட இஞ்ச இருக்கிறியா? உனக்கு எது விருப்பம்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மாமாவின் முகத்தைப் பார்த்தாள். எங்கள் இருவரின் முகத்திலும் ஏதோ தேடினாள். நான் மறுபடி மெதுவாக, அன்பாகக் கேட்டேன். "பயப்படாத கிளி. நீ சொல்றதுதான் முடிவு."

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். உள்ளங்கை மேலே.

உன் அண்ணன் பலகாரம் கேட்கிறாள் என்று நினைத்தார். தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்து அந்தக் கையில் வைத்தார். விரல் மூடவில்லை, மச்சாள். வடை அப்படியே உள்ளங்கையில் கிடந்தது. அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தோம். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். தோள் இரண்டும் காது வரைக்கும் எழும்பியிருந்தது. அடி விழப்போகிறது என்று காத்துக்கொண்டிருந்தாள். சரியான பதில் தெரியாததற்கு.

உன் அண்ணன் அந்த வடையைத் திருப்பி எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வாசலுக்குப் போய் நின்று கொஞ்ச நேரம் வயல் பக்கம் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "நீயே வெச்சுப் பாரு புள்ள. என்ட கையும் சும்மா இருக்கிற கை இல்ல."

கோடு போடுகிற உன் அடிமட்டம் உன் மேசை லாச்சிக்குள் இருந்தது. மரத்தால் செய்தது. நேசரியில் அது இருந்ததில்லை, வீட்டில்தான் வைத்திருந்தாய். எழுத்துக் கோணினால் ஒன்று, தண்ணீர் சிந்தினால் ஒன்று, பதில் பிழைத்தால் இரண்டு. இதெல்லாம் எனக்கு மாதங்கள் கழித்து, ஒவ்வொரு சொல்லாகத் தெரிய வந்தது.

இப்போது நீ சொல்லு. நாள் முழுக்க முப்பது பிள்ளைகளோடு குரல் உயர்த்தாமல் இருந்துவிட்டு, மிச்சத்தை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தாயா? ரீச்சரின் பிள்ளை பிழை விட்டால் ஊர் சிரிக்கும் என்று பயந்தாயா? அந்தக் கட்டி அப்போதே உள்ளே இருந்து குத்தியதா? இல்லாவிட்டால் அந்த மூன்று கிழமையும் நீ கதைக்காமல் இருந்தது என்னோடு இல்லையா, உன்னோடா? எனக்குத் தெரியாது. உனக்காக ஒரு காரணம் தேடித் தருகிற வேலையை நான் செய்ய மாட்டேன். மாட்டுக்கு அரை மணித்தியாலம் வெயிலில் காத்து நின்றவள் நீ. உன் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் நின்றாய்?

நீ சொன்னதெல்லாம் பொய் என்றால் எனக்குச் சுகம். அகப்பையோடு அடுப்பில் வைத்திருப்பேன். சொன்னதெல்லாம் சரி. துசா அதற்குச் சாட்சி. சரி என்று தெரிந்தவள்தான் அடித்தாய்.

ஆனால் உன் பாடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதை நான்தான் கண்டுபிடித்தேன், நீ இல்லை. அடி வாங்கிய பிள்ளையிடம் "உனக்கு எது விருப்பம்" என்று கேட்கக் கூடாது. நாங்கள் அன்பாகக் கேட்கிறோம், அதற்கு அது சோதனை. பிட்டா, ரொட்டியா என்றால் உன் மகள் என் முகத்தைப் பார்ப்பாள். எந்தச் சட்டை போடுகிறாய் என்றால் வேர்க்கும். ஆகவே கேட்பதை நிறுத்தினேன். பிட்டையும் ரொட்டியையும் அவளுக்கு எட்டுகிற தட்டில் வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு மீன் வெட்டப் போய்விடுவேன். பார்க்கிற கண் இல்லாவிட்டால்தான் அவளின் கை போகும். முதல் கிழமை இரண்டும் அப்படியே கிடந்து காய்ந்தது. பிறகு ஒரு நாள் ரொட்டியில் ஒரு மூலையைக் காணவில்லை. எலி கடித்தமாதிரி.

கொட்டினால் துணி என்றாய் அல்லவா? உன் மகள் மீன் ஆணத்தைக் கொட்டிவிட்டுக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையில் துணியை வைத்தேன். அடுத்த முறையும் நீட்டினாள், அடுத்த முறையும் துணி. துசாவுக்குப் பொறாமை. "நான் கொட்டினா 'கண் எங்க போச்சு' எண்டு கேக்கிறீங்க. அவ கொட்டினா துணி குடுக்கிறீங்க. நானும் கையை நீட்டட்டா?" என்றாள். அவளைத் தனியே ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், அவளுக்குப் புரிகிற அளவில் சொன்னேன். கேட்டுவிட்டு வெகு நேரம் கல் எறிந்துகொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளே எட்டுகிற இடமெல்லாம் துணி தொங்கவிட்டாள். வீடு தையல்காரன் கடைமாதிரி ஆனது. அவளின் அப்பா, "இனிச் சாரத்துக்குத் துணி வாங்கத் தேவையில்ல" என்றார்.

ஐந்தாம் மாதமோ ஆறாம் மாதமோ, உன் மகள் பால் தேத்தண்ணியைத் தட்டிவிட்டாள். கை எழும்பியது. பாதியில் நின்றது. பிறகு அந்தக் கை போய்த் துணியை எடுத்தது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், ஆனாலும் பார்த்தேன். எங்கள் தண்ணீர்ப் பானையின் மூடி பளபளப்பானது, அதில் தெரிந்தது. அன்றைக்கு வெட்டிய மீன் என் கையில் நசிந்து போனது.

இன்னொரு நாள் அவள் ஒரு கோப்பையை உடைத்துவிட்டு, "துசாக்காதான் உடைச்சவ" என்று பொய் சொன்னாள். முகத்தை நேரே பார்த்து, வாய் கூசாமல். துசா கத்தினாள், இரண்டு பேரும் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். எனக்கு வந்த சந்தோசத்தை என்ன சொல்ல! பக்கத்து வளவு மச்சாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னகா, புள்ளையள் அடிபடுகுதுகள், நீ சிரிச்சிட்டு நிக்கிறாய்?" என்றாள்.

உன் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாயின் வீடு பெட்டைப் பிள்ளைக்கு என்பது எங்கள் வழக்கம், அதில் கதை இல்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் போய்க் கூட்டி விளக்கு வைத்தேன். சாவியை எங்கள் சுவரில் அவளுக்கு எட்டுகிற ஆணியில் தொங்கவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மாதம் அந்தச் சாவியை அவள் தொடவில்லை. ஒரு பின்னேரம் நான் இறால் உடைத்துக்கொண்டிருக்கும்போது ஆணி வெறுமையாக இருந்தது. போய்ப் பார்க்கவில்லை. மாட்டுக்கு நீ நின்றமாதிரி நானும் நின்றேன். பொழுது படமுன் வந்தாள். கையில் ஒரு தேங்காய் எண்ணெய்ப் போத்தல், அடியில் இரண்டு விரல் அளவு, மணம் மாறிப்போன எண்ணெய். அந்த வீட்டில் பொம்மை இருந்தது, உன் சேலை இருந்தது, படம் இருந்தது. இவள் ஏன் இதை எடுத்து வந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. கீழ்த் தட்டில் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இந்தக் கடிதத்துக்கு வருகிறேன். இப்போது அவளிடம் கேள்வி கேட்கலாம், பதில் வருகிறது. நேற்றுக் கோப்பை கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "மனே, அம்மாவுக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதப்போறன். எனக்கு அவவோட கோவம். அந்தக் கையைப் பத்தியும் சொல்லுவன். ஆக்கள் வாசிப்பாங்க. எழுதட்டா?"

"எழுதுங்க. என்ட பேரைப் போடாதீங்க."

"அம்மாட பேர்?"

நான் முதுகைக் காட்டினேன். இரண்டு கோப்பை கழுவுகிற நேரம் போனது.

"அதையும் போடாதீங்க."

அதுதான் உனக்குப் பெயர் இல்லாத காரணம். நானாக இருந்தால் பெரிய எழுத்தில் போட்டிருப்பேன்.

இன்றைக்கு இவ்வளவும் எழுதி முடித்து, துசா அவளுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினாள். அவள் நிலத்தில் இருந்து கேட்டாள். வடை வந்த இடத்தில் சிரித்தாள், சத்தியமாகச் சிரித்தாள். முடிந்ததும் சொன்னாள்:

"ஒண்டு விட்டுட்டீங்க மாமி."

"என்னத்த?"

"அடிச்சுட்டு அம்மா எண்ணெய் பூசுவா. ரெண்டு கைக்கும். ஊதி ஊதிப் பூசுவா. அதையும் எழுதுங்க."

"அது வேணாம் மனே" என்றேன். அவளுக்கு நான் சொன்ன முதல் வேண்டாம் அதுதான்.

அவள் எழும்பி நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், ஆனால் இந்தமுறை அதில் ஒன்றும் தேடவில்லை. கை இரண்டும் இடுப்பில்.

"அது இல்லாட்டி இதை ஒருத்தருக்கும் குடுக்க வேணாம்."

எனக்கு விருப்பமில்லை. எழுதியாயிற்று.

உன்னை மன்னிப்பேன் என்று வாக்குத் தர மாட்டேன். அந்த எண்ணெய்க்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம். ஊதத் தெரிந்த வாய்க்கு அடிக்காதே என்று உன் கைக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தப் போத்தல் கீழ்த் தட்டில்தான் இருக்கும், நான் கழுவி வைக்க மாட்டேன். உன் மகள் ஒரு நாள் உன்னை மன்னிக்க நினைத்தால், எவ்வளவு நேரம் எடுத்தாலும், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். குறுக்கே வர மாட்டேன். அது என் வாக்கு.

உன் மகளுக்கு மாமி,
உனக்கு, என்ன செய்தாலும் மாற்ற முடியாத மச்சாள்.